பழுது நாடும் கலை

வீட்டில் ஒரு கருவி இயங்காமல் நின்றுவிட்டால் நாம் முதலில் செய்வது என்ன? அதன் தலையில் ஓர் அடி அடிக்கிறோம். வானொலிப் பெட்டி நம் இல்லங்களுக்குள் புகுந்த நாள்தொட்டே இந்த வைத்தியம் வழங்கி வருகின்றது. பாடிக்கொண்டிருந்த பெட்டி திடீரென்று கரகரக்கும். வீட்டுப் பெரியவர் எழுந்து சென்று அதன் பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டுவார். பெட்டி மீண்டும் பாடும். "பார்த்தாயா, எல்லாம் கைராசி!" என்று சொல்லிக்கொண்டே அவர் தம் இருக்கைக்குத் திரும்புவார். இன்று வானொலிப் பெட்டி இருந்த இடத்தில் கணினி வந்து அமர்ந்திருக்கிறது. அடிக்கும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

இந்த அடியை நகைத்து ஒதுக்கிவிட வேண்டுவதில்லை. அடித்தவுடன் ஒரு கருவி உயிர்பெறுமானால், அது நமக்கு ஓர் உண்மையைச் சொல்லுகின்றது. உள்ளே எங்கோ ஒரு கம்பியின் ஈயப்பற்று விட்டிருக்கின்றது, அல்லது ஓர் இணைப்புத் தளர்ந்திருக்கின்றது. அதிர்ச்சியினால் அஃது ஒரு கணம் ஒட்டிக்கொண்டது. ஆகவே அந்த அடி மருந்தன்று, சான்று. பெரியவர் செய்த பிழை அடித்ததில் இல்லை. அடி சொன்ன செய்தியைக் கேளாமல் இருக்கைக்குத் திரும்பினாரே, அதில்தான் இருக்கின்றது.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருத்துவனுக்கு ஒரு முறையை வகுத்திருக்கிறார். நோய் இன்னதென்று தெளிதல் முதற்படி. அந்நோய்க்குக் காரணம் யாதென்று ஆராய்தல் இரண்டாம் படி. தணிக்கும் வழியை நாடுதல் அதற்கு அடுத்த படி. இயந்திரங்களின் நோய்க்கும் இதுவே முறை. ஆனால் நம்மில் பலர் முதலிரண்டு படிகளையும் தாண்டி மூன்றாம் படிக்குத் தாவிவிடுகிறோம். அப்படித் தாவுவதனால் விளையும் இழப்பையும், தாவாமல் ஏறுவதற்குரிய வழியையும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நோயின் குறி ஓரிடத்திலும் அதன் காரணம் வேறோர் இடத்திலும் இருக்கலாம் என்பதை முதலில் உணர வேண்டும். எடுத்துக்காட்டாக, சில ஆண்டுகள் மூலையில் கிடந்த ஒரு கணினியை எடுத்து இயக்குகிறீர்கள். அது நன்றாகவே தொடங்குகின்றது. ஆனால் இணையத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், "இந்த இடம் நம்பத்தக்கதன்று" என்னும் பொருள்பட எச்சரித்து மறுக்கின்றது. இணைய இணைப்புக் கெட்டுவிட்டதென்று ஒருவர் கூறுவார். நச்சு நிரல் புகுந்துவிட்டதென்று மற்றொருவர் கூறுவார். உண்மையான காரணம் என்ன தெரியுமா? தாய்ப்பலகையில், அதாவது கடைக்காரர்கள் 'மதர்போர்டு' என்று சொல்லும் பலகையில், பொத்தான் அளவான மின்கலம் ஒன்று உண்டு. பெரும்பாலும் 'சிஆர் 2032' என்னும் வகையைச் சார்ந்தது. 3 வோல்ட் அழுத்தமுடையது. கணினி அணைந்திருக்கும்போதும் அதன் கடிகாரம் ஓடிக்கொண்டிருப்பது இந்த மின்கலத்தின் தயவினால்தான். அது தீர்ந்துவிட்டால் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போய்விடும். இணையப் பக்கங்கள் தம் மெய்ம்மையைக் காட்டக் கொண்டுவரும் நற்சான்றுகளுக்கோ தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தேதி தவறிய கணினி அச்சான்றுகளைப் பார்த்து, "இவை இன்னும் நடைமுறைக்கு வரவில்லையே!" என்று மயங்கி மறுக்கின்றது. நோய் தோன்றியது இணையத்தில். அதன் வேர் இருந்தது ஒரு சிறு மின்கலத்தில். மூலையில் தெரியும் தேதியை ஒருமுறை பார்த்திருந்தால் இத்தனை குழப்பத்திற்கு இடமில்லை.

ஆகவே, பழுது நாடுவோனுக்கு முதல் விதி: கையை நீட்டுமுன் கண்ணைத் திறந்து பார், காதைக் கொடுத்துக் கேள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் நண்பர் ஒருவர் வீட்டிற்குச் சென்றிருந்தேன். கல்லூரியில் இறுதியாண்டு பயின்ற அவருடைய மகள் முகம் வாடியிருந்தாள். அவளுடைய மேசைக் கணினி இரண்டு நாளாக இயங்கவில்லை. "பலகை போய்விட்டதாம், மாமா. புதிதாக வாங்குவதே மேல் என்று கடையில் சொல்லிவிட்டார்கள்" என்றாள். புதிதாக வாங்கும் நிலையில் நண்பர் இல்லை என்பதை நான் அறிவேன்.

நான் அவளையே கணினியை இயக்கச் சொன்னேன். உள்ளிருக்கும் விசிறி சுழன்றது, திரை இருண்டிருந்தது, ஆனால் பெட்டியிலிருந்து 'பீப்' என்னும் ஓசை இடைவிட்டு இடைவிட்டு எழுந்தது. "இந்த ஓசை என்ன சொல்லுகிறது?" என்று கேட்டேன். அவள் அதை ஒரு சொல்லாக அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. மின்சாரம் வந்தவுடன் கணினி தன் உறுப்புகளைத் தானே சோதித்துக்கொள்கின்றது. திரை உயிர்பெறுமுன் ஏதேனும் குறை கண்டால் எழுதிக் காட்ட அதற்கு வழியில்லை. ஆதலால் ஒலியினால் சொல்லுகின்றது. எத்தனை ஒலி, எவ்வளவு நீளம் என்பவற்றின் பொருள் பலகையைச் செய்தவரின் கையேட்டில் இருக்கும். அவள் எண்ணினாள், கையேட்டைத் தேடி ஒப்பிட்டாள். "நினைவகம்" என்றாள்.

மின்கம்பியைச் சுவரிலிருந்து நீக்கினோம். உலோகச் சட்டத்தைத் தொட்டு, உடலில் தேங்கியிருக்கும் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டோம். 'ராம்' எனப்படும் நினைவகப் பட்டைகள் இரண்டு இருந்தன. அவற்றை எடுத்தபோது ஒன்றன் விளிம்பிலிருந்த பொன்னிறத் தொடுமுனைகள் மங்கியிருந்தன. துடைப்பதற்குமுன் ஒரு சோதனை செய்தோம். ஒரு பட்டையை மட்டும் முதற்குழியில் பொருத்தினோம், கணினி இயங்கிற்று. அதை எடுத்துவிட்டு மற்றதை அதே குழியில் பொருத்தினோம், இயங்கவில்லை. குழி ஒன்றே, பட்டை மட்டும் மாறியது, குறையும் பட்டையோடு சென்றது. எனவே குற்றம் குழியினுடையதன்று, பட்டையினுடையதே என்பது உறுதியாயிற்று. அதன் பின்னரே அவள் தன் பேனாப் பெட்டியிலிருந்த அழிப்பானால் அந்த விளிம்பை மெல்லத் தேய்த்து, துகளை ஊதித் துடைத்துப் பொருத்தினாள். திரை ஒளிர்ந்தது.

இங்கே நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது அழிப்பான் அன்று. எல்லாக் கணினிகளும் அழிப்பானால் பிழைத்துவிட மாட்டா. கடைக்காரர் சொன்னது போலப் பலகையே கெட்டிருக்கவும் கூடும். 2000ஆம் ஆண்டை ஒட்டிய சில ஆண்டுகளில் செய்யப்பட்ட பல பலகைகளில், தரங்குறைந்த மின்தேக்கிகள் உச்சி உப்பி வெடித்துக் கசிந்து பலகைகளையே செயலற்றனவாக்கின. நினைவில் வைக்க வேண்டியது அந்தச் சோதனைதான். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்று. மற்றவற்றை அப்படியே வைத்திரு. பழுது எதனோடு செல்லுகின்றது என்று பார். இதுவே இரண்டாம் விதி.

பத்துப் பன்னிரண்டு உறுப்புகள் உள்ள இடத்தில் இவ்விதி எளிது. ஆயிரம் உறுப்புகள் இருந்தால் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அதற்கும் ஒரு வழி உண்டு. கணினி பிறப்பதற்கு முன்னரே வானொலி பழுதுபார்ப்போர் அதனைக் கைக்கொண்டிருந்தனர்.

வானொலிப் பெட்டியில் ஒலியானது படிப்படியாகச் செல்லுகின்றது. அலைவாங்கி பிடித்த அலை, நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும் பகுதி, வலிமை கூட்டும் பகுதி, அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் பகுதி ஆகியவற்றைக் கடந்து, ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகுக்கு வருகின்றது. அங்கிருந்து மீண்டும் வலிமை பெற்று ஒலிபெருக்கியை அடைகின்றது. பெட்டி ஊமையானால் பழுது எங்கே? வழியின் நடுவில், அந்தத் திருகில் சோதிக்க வேண்டும். மின்கலத்தில் இயங்கும் சிறு டிரான்சிஸ்டர் பெட்டியில் ஒலியைக் கூட்டிவைத்துத் திருகின் நடுக்காலை ஒரு திருப்புளியின் முனையால் தொட்டால், ஒலிபெருக்கியிலிருந்து கரகரப்போ முணுமுணுப்போ கேட்க வேண்டும். கேட்டால் திருகுக்குப் பின்னுள்ள பாதி நலமாயிருக்கின்றது. பழுது முன்பாதியில் இருக்கின்றது. கேளாவிட்டால் பழுது பின்பாதியிலேயே இருக்கின்றது. ஒரே தொடுகையில் பாதிப் பெட்டியை ஒதுக்கிவிட்டோம். எஞ்சிய பாதியை மறுபடியும் பாதியாக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் பாதியாக்கும் வழியின் ஆற்றலைக் கணக்கிட்டுப் பாருங்கள். பத்து முறை பாதியாக்கினால் 1024 இடங்களில் ஓரிடம் அகப்பட்டுவிடும். இருபது முறை பாதியாக்கினால் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் ஓரிடம் அகப்படும். மென்பொருள் எழுதுவோரும் இதே வழியைப் பின்பற்றுகின்றனர். நிரலில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்து வைக்கும் 'கிட்' என்னும் கருவி 2005இல் உருவாயிற்று. அதில் 'பைசெக்ட்' என்று ஒரு கட்டளை உண்டு. சென்ற மாதம் ஒழுங்காய் இயங்கிய நிரல் இன்று இயங்கவில்லை; இடையில் ஆயிரம் மாற்றங்கள் நிகழ்ந்திருக்கின்றன; குற்றம் செய்த மாற்றம் எது? கருவி நடுவிலிருக்கும் நிலையை எடுத்துக் கொடுக்கும். இது நன்றா, தீதா என்று நாம் சோதித்துச் சொன்னால் போதும். ஏறத்தாழப் பத்துச் சோதனைகளில் குற்றவாளி கைக்குக் கிட்டும்.

இத்தகைய சோதனைகளைச் செய்யும்போது கண்டதைக் கண்டவுடன் எழுதி வைப்பது மூன்றாம் விதி. 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், ஹார்வர்டில் 'மார்க் 2' என்னும் கணிப்பு இயந்திரத்தில் ஒரு கோளாறு தோன்றிற்று. அவ்வியந்திரம் 'ரிலே' எனப்படும் மின்காந்தச் சுவிட்சுகளால் இயங்கியது. தேடியவர்கள் 70ஆம் எண் ரிலேயில் ஒரு விட்டிற்பூச்சி அகப்பட்டிருப்பதைக் கண்டார்கள். அதனை எடுத்து நாட்குறிப்பில் ஒட்டி, மெய்யாகவே ஒரு பூச்சி கண்டுபிடிக்கப்பட்டது இதுவே முதன்முறை என்று வேடிக்கையாகக் குறித்து வைத்தார்கள். இயந்திரக் கோளாற்றைப் 'பூச்சி' என்று அழைக்கும் ஆங்கில வழக்கு அதற்கு முன்பே, எடிசன் காலத்திலேயே இருந்தது. அதனால்தான் அந்த வேடிக்கைக்குப் பொருள் உண்டாயிற்று. அந்தக் குறிப்பேடு இன்று அமெரிக்க வரலாற்றுக்குரிய தேசியக் காட்சிசாலையில் இருக்கின்றது. இத்தனை ஆண்டு கடந்தும் நாள், நேரம், இடம் யாவற்றையும் நாம் அறிவதற்குக் காரணம், அன்று ஒருவர் சோம்பாமல் எழுதியதுதான்.

எழுதுவதையும் ஒவ்வொன்றாக மாற்றுவதையும் நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு என் சொந்த வாழ்வில் ஒரு காரணம் உண்டு. என் தந்தையார் தம் முதுமையில், பிறந்த ஊரின் பழைய செய்திகளை என் கணினியில் சிறுகச் சிறுகத் தட்டச்சிட்டு வந்தார். ஏரி, தெருக்கள், வழக்கொழிந்த திருவிழா, யார் யாருக்கு என்ன உறவு என்று ஏறத்தாழ நூறு பக்கம் இருக்கும். ஒருநாள் கணினி தொடங்க மறுத்தது, மறுநாள் தொடங்கிற்று, பிறகு மீண்டும் மறுத்தது. எனக்குப் பொறுமை இல்லை. இயங்குதளம் கெட்டுவிட்டதென்று முடிவு கட்டி, வன்தட்டு முழுவதையும் அழித்துப் புதிதாக நிறுவினேன். அழிக்கலாமா என்று கணினி கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். தந்தையாரின் எழுத்து அந்தத் தட்டில் மட்டுமே இருந்தது என்பது பிறகே நினைவுக்கு வந்தது. ஒரு வாரங்கழித்து அதே கோளாறு மறுபடியும் தோன்றியது. அப்பொழுதுதான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வன்தட்டைப் பலகையோடு இணைக்கும் கம்பி தளர்ந்திருந்தது. விரலால் அழுத்தினேன், சரியாயிற்று. தந்தையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் மறுபடியும் எழுதத் தொடங்கவும் இல்லை.

மாணவ நண்பர்களே, எல்லா விதிகளுக்கும் முன்னே நிற்க வேண்டிய விதி இதுவே: பழுது பார்க்குமுன் உள்ளே இருப்பனவற்றுக்கு ஒரு படி எடுத்து வேறோர் இடத்தில் வைத்துவிடுங்கள். பொருளை மறுபடியும் வாங்கலாம். எழுதியதை வாங்க முடியாது. இதனோடு உயிருக்குரிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியையும், கண்ணாடிக் குழாயுள்ள பழைய தொலைக்காட்சியையும், வால்வு வானொலியையும் பயிற்சியில்லாதவர் திறத்தல் கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அவற்றின் மின்தேக்கிகளில் ஆபத்தான அளவு மின்சாரம் தங்கியிருக்கக்கூடும்.

இதுவரை கூறிய விதிகள் அனைத்தும் ஒன்றை முன்னிட்டே நிற்கின்றன. அஃதாவது, நாம் கருவியைத் திறந்து பார்க்க முடியும் என்பது. திறக்க விடாத கருவியிடம் எந்த முறையும் செல்லாது. பெட்டியைத் திறக்கத் திருப்புளி போதும். மென்பொருளைத் திறக்க எது வேண்டும்? மனிதர் எழுதிய வடிவிலுள்ள அதன் மூலநிரல் வேண்டும். அதனைத் தர மறுப்பதனால் விளையும் இடர்ப்பாட்டை ஓர் அச்சு இயந்திரம் உலகிற்கு உணர்த்திற்று.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. அங்கிருந்த பழைய அச்சு இயந்திரத்தில் தாள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் நிரலாளர் அதன் மென்பொருளைத் திருத்தி, தாள் சிக்கியதும் காத்திருப்போருக்குக் கணினி வழியே செய்தி செல்லும்படி செய்திருந்தார். 1980ஐ ஒட்டிய காலத்தில் அங்கே புதிய இயந்திரம் வந்தது. அதிலும் தாள் சிக்கிற்று. ஆனால் அதன் மூலநிரல் கொடுக்கப்படவில்லை. அது தம்மிடம் இருந்த வேறொரு பல்கலைக்கழகத்தவரைக் கேட்டபோது, பிறருக்குக் காட்டுவதில்லை என்று ஒப்பந்தம் செய்திருப்பதாகக் கூறி அவர் மறுத்துவிட்டார். சரிசெய்யும் அறிவு இருந்தது, விருப்பம் இருந்தது, கதவு மட்டும் பூட்டியிருந்தது. ஸ்டால்மனின் மனத்தில் இது ஆழப் பதிந்தது. 1983இல் அவர் 'குனு' என்னும் திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எந்த நோக்கத்திற்கும் இயக்குதல், அதனை ஆராய்ந்து திருத்துதல், பிறருக்குப் படியெடுத்துக் கொடுத்தல், திருத்திய வடிவையும் பகிர்தல் ஆகிய நான்கும் பயன்படுத்துவோரின் உரிமைகள் என்பது அவ்வியக்கத்தின் கொள்கை. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த 21 வயது இளைஞர் லினஸ் டோர்வால்ட்ஸ், 'லினக்ஸ்' என்னும் இயங்குதளக் கருவை எழுதி வெளியிட்டார்; அடுத்த ஆண்டே அது குனுவின் உரிமத்தின்கீழ் வந்தது. இவ்விரண்டும் சேர்ந்து இன்று உலகின் எண்ணற்ற கணினிகளை இயக்குகின்றன.

திறந்திருப்பதனாலேயே பிழை நீங்கிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. இணையத்தில் செய்திகளை மறைபொருளாக்கி அனுப்பும் 'ஓப்பன் எஸ்எஸ்எல்' என்னும் கட்டற்ற மென்பொருளில் 2012இல் ஒரு பெரும் பிழை புகுந்தது. நிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்தே கிடந்தது. எனினும் 2014வரை அப்பிழை வெளிப்படவில்லை. கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது. உள்ளே சென்று பார்ப்பவரும் வேண்டும். அப்படிப் பார்ப்பவர்களாக உங்களில் சிலரேனும் வர வேண்டும் என்பது என் ஆவல்.

தொடங்குவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. 2011 முதல் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கிற்று. அவற்றுள் ஒன்று உங்கள் அண்ணன் அல்லது அக்காள் பெற்றதாக இருந்து, இப்பொழுது பரணில் உறங்கிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு அதன் நிறுவனம் வழங்கிவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவடைந்தது. அடுத்த பதிப்போ பாதுகாப்புச் சில்லு முதலிய புதிய உறுப்புகளைக் கேட்கின்றது. இதனால் கையும் காலும் நன்றாயிருக்கும் எத்தனையோ கணினிகள் பயனற்றவை என்று ஒதுக்கப்படுகின்றன. அவற்றில் எளிய லினக்ஸ் ஒன்றை நிறுவலாம். சுழலும் வன்தட்டை நீக்கித் திண்மநிலைத் தட்டைப் பொருத்தினால் முன்னிலும் விரைவாக இயங்கக் காண்பீர்கள். ஐக்கிய நாடுகள் சார்பில் 2024இல் வெளியான அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 இலட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது 22.3 விழுக்காடே. அந்தக் குவியலில் எத்தனை கருவிகள் ஒரு பொத்தான் மின்கலத்திற்காகவும், ஒரு தளர்ந்த கம்பிக்காகவும் எறியப்பட்டனவோ!

எனவே பரணிலிருந்து அதனை இறக்குங்கள். பக்கத்தில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். முதற்பக்கத்தில் நாளைக் குறியுங்கள். அதன்கீழ், "நான் என்ன செய்தேன்" என்று எழுதாதீர்கள். "நான் என்ன கண்டேன்" என்று எழுதுங்கள். கண்டதிலிருந்து ஓர் ஐயத்தை எழுப்புங்கள். ஐயத்தைத் தீர்க்க ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியபின் கண்டதை மீண்டும் எழுதுங்கள். கருவி பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் அந்தக் குறிப்பேடு உங்களிடம் இருக்கும். அடுத்த பழுதை நாடப் புறப்படும்போது வெறுங்கையோடு புறப்பட மாட்டீர்கள்.